டிடி-214 எங்கே இருக்கிறது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டுகளைக்கூட இன்னும் எடுக்கவில்லை. என் மாமனார் எழுந்து போய் நீல நிறக் கோப்பு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். "நான் செத்துப்போனா என்ன செய்யணும்னு இன்னிக்குப் பேசிடலாமா?" என்றார். கூரை ஒழுகுகிறது, ஆளை வரச்சொல்லலாமா என்று கேட்கிற அதே குரல்.

எனக்குக் கையில் இருந்த தண்ணீர் டம்ளரை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. நான் வளர்ந்த வீட்டில் சாவைப் பற்றி யாராவது வாய்தவறிச் சொன்னால்கூட, "வாயை அலம்பு" என்பார்கள் பெரியவர்கள். உயிரோடு இருக்கிற மனிதரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு அவருடைய சவப்பெட்டியைப் பற்றிப் பேசுவதா? என் கணவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் மட்டும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, ஆரம்பிங்க" என்றார்.

மாமனார் அமெரிக்கர். ஓஹையோவில் பிறந்து அங்கேயே வாழ்பவர். கல்யாணமான புதிதில் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று குழம்பி, கடைசியில் எங்கள் வழக்கப்படி "மாமா" என்றேன். அந்த ஊர்க் காதுக்கு அது அம்மாவைக் கூப்பிடுவதுபோலக் கேட்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "இந்த வீட்டில் அந்தப் பதவி காலியாக இல்லையே" என்றார். ஆனாலும் பேர் நிலைத்துவிட்டது.

மாமா விரும்பிப் பட்டாளத்துக்குப் போனவர் அல்ல. 1969 டிசம்பர் 1-ஆம் தேதி இரவு, வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கும் குலுக்கல் தொலைக்காட்சியில் நடந்தது. ஆண்டின் ஒவ்வொரு தேதிக்கும் ஒன்றாக 366 நீல நிறக் குப்பிகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, ஒவ்வொன்றாக எடுத்தார்கள். முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்த முறை 195-ஆம் எண்வரை அழைப்பு போனது. மாமாவின் பிறந்த தேதிக்கு நூறுக்குள் ஓர் எண். அடுத்த ஆண்டு தரைப்படையில் லாரி ஓட்டுநராக வியட்நாமில் இருந்தார், அதற்கடுத்த ஆண்டு வீடு திரும்பினார். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். இதற்குமேல் அவர் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதும் இல்லை.

அன்றைக்கு அவர் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்ததற்குக் காரணம் அவருடைய சித்தப்பா. கொரியப் போரில் இருந்தவர், 1953-இல் விடுவிக்கப்பட்டவர். 2016 ஜூலையில், எண்பத்தைந்து வயதில் போய்ச் சேர்ந்தார். அவருக்கு ராணுவ மரியாதை கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தேவாலயத்தில் ஒருவர், "கொடி போர்த்துவாங்க இல்ல?" என்று கேட்டதும் நினைவிருக்கிறது. ஆனால் இறுதிச்சடங்கு ஏற்பாட்டு நிலையத்தில் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "அவருடைய டிடி-214 இருக்கிறதா?"

டிடி-214 என்பது படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுக்கிற சான்று. எப்போது சேர்ந்தார், எப்போது வெளியே வந்தார், எந்தப் பதவி, என்ன பதக்கம், எந்தத் தகுதியோடு, அதாவது நன்மதிப்போடா இல்லையா, விடுவிக்கப்பட்டார் என்பதெல்லாம் அதில் இருக்கும். சித்தப்பாவின் மகள்கள் மூன்று நாள் வீட்டைக் கவிழ்த்துத் தேடினார்கள். மீன்பிடி உரிமங்கள் இருபது வருஷத்துக்குக் கிடைத்தன. 1961-இல் வாங்கிய குளிர்பதனப் பெட்டியின் ரசீது கிடைத்தது. அந்தக் காகிதம் மட்டும் கிடைக்கவில்லை.

சரி, அரசாங்கத்திடம் ஒரு பிரதி இருக்குமே என்றுதான் யாருக்கும் தோன்றும். இருந்தது, 1973 வரை. அந்த ஆண்டு ஜூலை 12-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் பக்கத்தில் இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாம் மாடியில் தீப்பிடித்தது. தீத்தடுப்புத் தெளிப்பான் கிடையாது. ஒன்றரைக் கோடிக்கும் மேலான கோப்புகள் போயின. தரைப்படையிலிருந்து 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் விடுவிக்கப்பட்டவர்களின் ஆவணங்களில் ஏறக்குறைய எண்பது சதவீதம் சாம்பல். நகல் எடுத்து வைக்கவில்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. சாவு வீட்டிலிருந்து கேட்டால் அவசரமாகப் பார்ப்பார்கள் என்பது உண்மைதான். எரிந்துபோன கோப்பை எவ்வளவு அவசரமாகத் தேடினால்தான் என்ன?

மூன்றாம் நாள் கொடி இல்லாமல், ஊதுகொம்பு இல்லாமல் அவரை அடக்கம் செய்தோம். மாமா அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. காரில் திரும்பி வரும்போது, "ஒரு காகிதம்" என்றார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடியும், "ஒரு காகிதம்."

அப்புறம்தான் தெரிந்தது, விஷயம் அதோடு முடிந்துவிடுவதில்லை என்று. கோப்பு எரிந்தவர்களுக்குப் பழைய சம்பளப் பட்டியல் போன்ற வேறு ஆவணங்களிலிருந்து அவர்களுடைய பணிக்காலத்தை மறுபடி கட்டியெழுப்பிச் சான்று கொடுக்கிறார்கள். அடக்கத்தின்போது நடக்காத ராணுவ மரியாதையைப் பிறகு ஒரு நினைவு நிகழ்ச்சி வைத்தும் பெறலாம். சித்தப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது, எட்டு மாதம் கழித்து, மார்ச் மாதக் குளிரில்.

படையிலிருந்து இரண்டே இரண்டு பேர்தான் வந்தார்கள். ஆணும் பெண்ணுமாக, இருவருக்கும் இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிற சட்டம் சொல்லும் குறைந்தபட்சம் இதுதான்: தகுதியுள்ள முன்னாள் வீரருக்குக் குடும்பம் கேட்டால், சீருடை அணிந்த குறைந்தது இரண்டு பேர் வர வேண்டும். ஒருவராவது இறந்தவர் இருந்த படையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். கொடியை மடித்துக் கொடுக்க வேண்டும், 'டாப்ஸ்' என்ற ஊதுகொம்பு இசை ஒலிக்க வேண்டும். துப்பாக்கி வேட்டு, குதிரை வண்டி என்று படங்களில் பார்ப்பதெல்லாம் இதற்குள் வராது.

'டாப்ஸ்' என்பது வெறும் இருபத்து நான்கு சுரங்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1862 ஜூலையில், டேனியல் பட்டர்ஃபீல்ட் என்ற தளபதி விளக்கணைக்கும் நேரத்துக்காக வர்ஜீனியாவில் ஒரு முகாமில் அமைத்துக்கொண்டது. அந்தப் பெண் வீரர் கொம்பை உதட்டில் வைத்தார். அப்பழுக்கில்லாமல் வந்தது. ஆனால் நாகஸ்வரக்காரர்களைப் பார்த்து வளர்ந்த கண் எனக்கு. அவர் கன்னம் உப்பவே இல்லை. பிறகு விசாரித்தேன். கொம்பு ஊதத் தெரிந்தவர்கள் போதாததால், கொம்பின் வாய்க்குள் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றைச் செருகிவைக்கிற முறை 2003 வாக்கில் வந்துவிட்டதாம். நிஜமாக ஊதுகிறவர் வேண்டும் என்றால் முன்கூட்டியே ஆள் தேடலாம். தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே என்பதுதான் அதில் முக்கியம்.

கொடியை மடிப்பதைப் பார்த்தபோது எனக்கு ஒலிப்பதிவெல்லாம் மறந்துபோயிற்று. ஐந்தடி அகலம், ஒன்பதரை அடி நீளம். அதைப் பதின்மூன்று மடிப்பு மடித்து, சிவப்பு துளிகூட வெளியே தெரியாமல், நீலமும் நட்சத்திரமும் மட்டும் தெரிகிற முக்கோணமாக்குகிறார்கள். ஒரு மடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் விரலால் நீவிவிடுகிற அந்த மெதுவைச் சொல்ல வேண்டும். அவர்கள் சித்தப்பாவைப் பார்த்ததே இல்லை. மூத்த மகள் முன் மண்டியிட்டு, குடியரசுத் தலைவரின் சார்பிலும் தரைப்படையின் சார்பிலும் நன்றியுள்ள நாட்டின் சார்பிலும் இந்தக் கொடியை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அந்தப் பையன் சொன்னபோது, அவள் அழுதது அப்பாவுக்காக மட்டும் இல்லை, அந்த ஜூலை மாதத்துக்காகவும்தான் என்று நினைக்கிறேன்.

ஆக, நீலக் கோப்பு. முதல் காகிதம் மாமாவின் டிடி-214. அசல் ஒன்று, சான்றளித்த நகல் மூன்று. அசலை வங்கிப் பெட்டகத்தில் வைக்கக்கூடாது என்பது அவர் தீர்ப்பு. சனிக்கிழமை செத்தால் திங்கட்கிழமைவரை யார் திறப்பது? பல கவுன்டி (மாவட்டம் மாதிரி) அலுவலகங்களில் இதைப் பதிவு செய்து வைக்கலாம். அவர் 1971-லேயே செய்திருந்தார். பிந்தைய காலத்தில் விடுவிக்கப்பட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அந்தப் படிவத்தில் சுருக்கப் பிரதி, முழுப் பிரதி என்று உண்டு. எந்தத் தகுதியோடு விடுவிக்கப்பட்டார் என்ற வரி சுருக்கப் பிரதியில் இருக்காது. மரியாதைக்கு அந்த வரிதான் வேண்டும்.

இரண்டாவது காகிதம், 40-10007 என்ற விண்ணப்பம். முன்னாள் படைவீரர் நலத் துறையை அங்கே எல்லோரும் வி.ஏ. என்பார்கள். அவர்களுடைய தேசியக் கல்லறைத் தோட்டங்கள் நூற்றைம்பதுக்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் அடக்கம் செய்யத் தகுதி உண்டா என்பதை உயிரோடு இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள 2016 டிசம்பரில் இந்த வழி வந்தது. தகுதி உண்டு என்று கடிதம் வரும். அந்தக் கடிதம் தகுதிக்குத்தானே தவிர, இடத்துக்கு முன்பதிவு கிடையாது. எந்த வரிசை, எந்த மரத்தடி என்றெல்லாம் கேட்க முடியாது. மாமியாருக்குத் தனியாக இன்னொரு விண்ணப்பம்.

குழி, அதைத் தோண்டி மூடுவது, உள்ளே வைக்கும் கான்கிரீட் உறை, கல், கொடி, காலாகாலத்துக்கும் பராமரிப்பு, இதெல்லாம் குடும்பத்துக்குச் செலவில்லாமல் கிடைக்கும். கொடி தவிர மற்றதெல்லாம் மனைவிக்கும் சேர்த்து. சவப்பெட்டி, தகனம், பதப்படுத்துவது, வண்டி, இறுதிச்சடங்கு நிலையத்தின் கட்டணம் எல்லாம் நம் செலவு. "அரசாங்கமே எல்லாம் பார்த்துக்கும்" என்று நினைத்துக்கொண்டிருக்கிற குடும்பங்களுக்குத்தான் பில் வரும்போது மயக்கம் வருகிறது. படைப்பணியால் வந்த நோயினால் இறந்தால் 2,000 டாலர் வரை அடக்கச் செலவுக்குத் திரும்பக் கிடைக்கும். மற்றவர்களுக்கு, அதுவும் சில நிபந்தனைகளோடு, அதில் பாதி அளவுக்குத்தான்.

இந்த இடத்தில் மாமாவுக்கு வந்த ஒரு தொலைபேசி அழைப்பைச் சொல்லியாக வேண்டும். முன்னாள் வீரர்களுக்கு இலவசமாக இடம் தருகிறோம் என்று ஒரு தனியார் கல்லறைக்காரர் பேசினார். பேச்சில் தேன் ஒழுகியது. மாமா பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இடம் இலவசம், ஆனால் பக்கத்து இடத்தை மனைவிக்காக விலைக்கு வாங்க வேண்டும். தோண்டக் காசு, மூடக் காசு. கடைசியில் மாமா, "இலவசமாகச் சாகிறது மட்டும்தான் போலிருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றாவது காகிதத்தில் அவரே கைப்பட எழுதிய நாலு வரி. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வியட்நாமில் 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்ற களைக்கொல்லி தெளித்த இடங்களில் இருந்தவர்களுக்கு வந்த இரண்டாம் வகைச் சர்க்கரை நோயை, படைப்பணியால் வந்ததாகவே வி.ஏ. எடுத்துக்கொள்கிறது. அவர் எழுதியிருந்தது இது: "மாரடைப்பில் போனாலும் சரி, சிறுநீரகத்தில் போனாலும் சரி, இறப்புச் சான்றிதழில் சர்க்கரைக்கும் பங்கு உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள். பங்கு இருந்தால் எழுதச் சொல்லுங்கள்." படைப்பணியால் வந்த நோய் சாவுக்குக் காரணம், அல்லது துணைக் காரணம் என்று இருந்தால் மனைவிக்கு மாதாமாதம் உதவித்தொகை கிடைக்க வழியிருக்கிறது. செத்த வீட்டில் யாருக்கு இது ஞாபகம் வரும்? எனக்கு நிச்சயம் வந்திருக்காது.

தகனத்தைப் பற்றியும் பேச்சு வந்தது. என்னைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். எங்கள் பக்கம் எரிப்பதுதான் என்று சொன்னேன். அஸ்தியையும் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கலாம், மண்ணிலோ சுவர் மாடத்திலோ. ஒரு பொறி மட்டும் இருக்கிறது. 2021 முதல், அஸ்தியை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறவர்களுக்கு வி.ஏ. நினைவுக் கலசமோ பட்டயமோ தருகிறது. அதை வாங்கிக்கொண்டால் கல்லறையும் கல்லும் அதோடு போயிற்று, பிறகு கேட்க முடியாது. ஆசையாக ஒரு கலசத்தை வாங்கிவிட்டு இடத்தை இழக்கக் கூடாது.

அடுத்த வாரம் ரிட்மன் பக்கத்தில் இருக்கிற ஓஹையோ வெஸ்டர்ன் ரிசர்வ் தேசியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். 2000-இல் திறந்தது. மாநிலத்தின் இன்னொரு தேசியக் கல்லறைத் தோட்டம் டேட்டனில், அது 1867-லிருந்து இருக்கிறது, எங்களுக்குத் தூரம். ரிட்மனில் வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில். பதவிக்கு ஏற்றாற்போல் பெரிய கல் சின்னக் கல் கிடையாது. அடக்கம் குழியருகில் நடப்பதில்லை. தனியாக ஒரு மண்டபம் இருக்கிறது, அங்கே இருபது நிமிஷம்போலச் சடங்கு, பிறகு குடும்பம் கிளம்பிவிட வேண்டும். சனி, ஞாயிறு பெரும்பாலும் கிடையாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் விமானச் சீட்டு வாங்கிவிடுகிறார்களாம்.

கல்லில் சமயச் சின்னம் ஒன்று போடலாம். பட்டியலில் எழுபதுக்கும் மேல் இருக்கின்றன. சிலுவையும் தாவீதின் நட்சத்திரமும் மட்டுமல்ல, நாத்திகர்களுக்கு அணுவின் உருவம், விக்கா சமயத்தாருக்கு ஐங்கோண நட்சத்திரம். அது வழக்குப் போட்டு 2007-இல் வாங்கியது. ஓங்காரமும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு ஏனோ தொண்டை அடைத்தது. எந்த ஊரிலிருந்தோ வந்த எந்த வீட்டுப் பிள்ளைக்காக முதன்முதலில் அதைச் செதுக்கினார்களோ. மாமா பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு, "ஒண்ணும் வேண்டாம்னா விடலாமா?" என்று கேட்டார். விடலாம். மாமியாருக்குச் சிலுவை வேண்டும். இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது, சிலுவை ஜெயித்தது.

துப்பாக்கி வேட்டுப் பேச்சை எடுத்தவர் என் கணவர்தான். ஏழு பேர் மூன்று முறை சுடுவதால் அதை இருபத்தொரு குண்டு முழக்கம் என்று பலர் தப்பாகச் சொல்வார்கள். பீரங்கி மரியாதை வேறு, இது வேறு. பழைய காலத்தில் செத்தவர்களை எடுத்துக்கொள்ளப் போரை நிறுத்திவிட்டு, எடுத்து முடித்ததும் சுட்டுச் சொல்கிற வழக்கத்திலிருந்து வந்தது என்பார்கள். இப்போது பெரும்பாலும் உள்ளூர் முன்னாள் வீரர் சங்கத்துப் பெரியவர்கள் துப்பாக்கியோடு வந்து செய்துகொடுக்கிறார்கள். "அப்பாவுக்கு அதையும் கேட்டுடலாம். முழு மரியாதையா இருக்கட்டும்" என்றார் கணவர்.

"வேண்டாம்" என்றார் மாமா.

கணவர் விடவில்லை. சித்தப்பாவுக்கு நடக்காததெல்லாம் இவருக்காவது நடக்கட்டும் என்ற ஆற்றாமை அவருக்கு. மாமா சற்று நேரம் கோப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, நான் பதினைந்து வருஷத்தில் கேட்டிராத ஒன்றைச் சொன்னார். ஜூலை 4-ஆம் தேதி, அந்த நாட்டுச் சுதந்திர தின வாணவேடிக்கை அன்று அவர் எப்போதும் நிலவறையில் உட்கார்ந்து வானொலியைச் சத்தமாக வைத்துக்கொள்வார். நாங்கள் நாய்க்குத் துணையாகத்தான் என்று நினைத்திருந்தோம். நாய் இல்லாத வருஷங்களிலும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. "அந்தச் சத்தம் கேட்கும்போது நான் இருக்கமாட்டேன், தெரியும்" என்றார். "ஆனா என்னோட லாரி ஓட்டினவங்க ரெண்டு பேர் வருவாங்க. அவங்களுக்குக் கேட்கும்."

என் கணவர் அந்த இரண்டு பேரின் பெயரையும் கேட்டு, கோப்பின் உள்ளட்டையில் எழுதிக்கொண்டார். அன்றைக்கு அவர் செய்த நல்ல காரியம் அது. மாமா அந்தப் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொன்னார். அதில் ஒரு பெயரோடு ஒரு சின்னக் கதையும் வந்தது. இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை.

மாமியாருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி இருந்தது. தேசியக் கல்லறைத் தோட்டத்தில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே குழி. பக்கத்தில் பக்கத்தில் இல்லை, ஒருவர்மேல் ஒருவர். முதலில் போகிறவர் கீழே. மாமாவின் பெயர் கல்லின் முன்பக்கம், மாமியாருடையது பின்பக்கம். பின்பக்கம் என்பதில் அவருக்கு வருத்தம் இருக்கும் என்று நான் நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"நான் முன்னாடி போயிட்டா என்மேல இவரா? ஐம்பது வருஷம் ஆகப்போகுது, இவரோட குறட்டையை இன்னும் பக்கத்திலிருந்து கேட்கணுமா?"

மாமா காரை ஓட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "நான்தான் முன்னாடி போவேன். ஜன்னல் பக்கம் எப்பவும் உனக்குத்தானே."

தகுதி உண்டு என்ற இரண்டு கடிதங்களும் சில மாதத்தில் வந்தன. கோப்பு இப்போது சமையலறையில், மாவு டப்பாவுக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. யாரும் தேட வேண்டியதில்லை என்று அங்கே வைத்தாராம். போன மாதம் அதன் அட்டையில் மஞ்சள் தூள் கறை ஒன்று விழுந்துவிட்டது. என் வேலைதான்.